மீன்கடைக் கப்டன்

பாரை மீனின் தலையை ஒரே வெட்டில் துண்டாக்கிவிட்டு, அதே கத்தியால் சுவரைக் காட்டுவார் சற்குணம். "ஆரெண்டு தெரியுமோ? ஜேர்மன் நீர்மூழ்கியின்ர கப்டன். பதினேழு கப்பலைத் தாட்டவர்!" போன வருசம் பன்னிரண்டு. அதற்கு முந்தின வருசம் ஒன்பது. உலகப் போர் முடிந்து எண்பது வருசத்துக்கு மேலாகியும், லண்டன் டூட்டிங்கில் இந்த மனிசரின் வாயால் மட்டும் கப்பல்கள் தாழ்ந்துகொண்டே இருக்கின்றன.

சுவரில் தொங்குவது சட்டமிட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம். கடற்படைத் தொப்பி போட்ட ஒரு பொடியன், மீசைகூட அரும்பவில்லை. கப்டன் இவ்வளவு இளசோ என்று யாராவது கேட்டுவிட்டால், "ஜேர்மன்காரன் வயசு பாக்கிறேல்லை, மூளையைத்தான் பாக்கிறவன்" என்பார். ஜேர்மனியில் இருந்த இருபது வருசமும் உணவகமொன்றின் பின்பக்கத்தில் கோப்பை கழுவியவர், லண்டனில் வந்து இறங்கியதும் அந்த நாட்டுக்கே வக்கீல் ஆகிவிட்டார். கத்தி ஜேர்மன், தராசு ஜேர்மன், ஐஸ் பெட்டியும் ஜேர்மன். புளுகு மட்டும் சுத்தமான யாழ்ப்பாணம்.

காசுப்பெட்டியடியில் இருக்கும் மனைவி ரஜனிக்கு, கதை தொடங்கும்போதே பற்றிக்கொண்டு வரும். படத்தில் இருப்பவன் யாரென்று அவளுக்குத் தெரியும். ஜேர்மனியின் பிரேமன் நகரில் அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரக் கிழவியைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, நகம் வெட்டியவள் அவள்தான். பொடியன் கிழவியின் தமையன் எரிக். நீர்மூழ்கியின் சமையற்கட்டில் எடுபிடி. அந்த நீர்மூழ்கி கடலுக்குப் போனதே ஒரு தடவைதான். ஒரு தோணியைக்கூட மூழ்கடிக்கவில்லை. ஆங்கிலேய விமானம் ஒன்று குண்டு போட, உள்ளே இருந்த அத்தனை பேரோடும் கடலடிக்குப் போய்விட்டது. உடலும் இல்லை, குழியும் இல்லை. கிழவியை முதியோர் இல்லத்துக்கு அனுப்பி வீட்டை ஒதுக்கியபோது, "எறியிற சாமானுக்குள்ள கிடந்தது" என்று படத்தை அமுக்கிக்கொண்டு வந்தவர் நம் வீரர்.

"செத்த பிள்ளையை வைச்சுப் புளுகிறியளே, வெக்கமா இல்லையோ?"

"உனக்கு வரலாறு விளங்காது, ரஜனி."

போன மாதம் கிழவியின் மகள் ஹெல்காவோடு தொலைபேசியில் கதைக்கும்போது, ரஜனி பொறுக்கமாட்டாமல் விசயத்தைச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை, கடை நிறைந்து வழியும் நேரத்தில், மழையில் நனைந்தபடி ஹெல்கா வந்து நின்றாள். ஜேர்மன் மொழியில் மெல்லச் சொன்னாள். அம்மாவுக்குத் தொண்ணூற்றைந்து வயசு. இனி அதிக நாள் இல்லை. தமையனின் முகம் மறந்துவிட்டதென்று ஒவ்வொரு நாளும் அழுகிறாள். இதைவிட்டால் அவனுக்கு வேறு படமே கிடையாது.

வெட்டுக்கத்தி நின்றது.

"என்னவாம் அண்ணை அவ?" என்று கேட்டார், சூடை மீன் வாங்க நின்ற குகதாசன். அவருக்கோ கடையில் நின்ற மற்ற வாடிக்கையாளர்களுக்கோ ஜேர்மன் தெரியாது.

"கப்டன்ர சொந்தக்காரியாம். படத்தைப் பாத்திட்டுப் போக வந்தவவாம்."

த்தூ! ரஜனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாகக் கிடக்கிறவளின் கண்ணீரிலும் இந்த மனிசனுக்குப் பெருமை வேண்டிக்கிடக்கிறதே! ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். படத்தைக் கழற்றி ஹெல்காவின் கையில் கொடுத்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"இவன் கப்டனுமில்லை, ஒரு கப்பலையும் தாட்டவனுமில்லை. குசினியில நிண்ட பொடியன். முதல் பயணத்திலையே தாண்டு போனவன். இவவின்ர தாய்மாமன். தாய்க்காரி கண்ணை மூட முந்தி ஒருக்கா இவன்ர முகத்தைப் பாக்க வேணுமாம்."

குகதாசன், "பதினேழு எண்டியள், அண்ணை" என்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சற்குணம் பாரை மீனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹெல்கா படத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியே மழை கொட்டியது.

"ஒரு நிமிசம்" என்று ஜேர்மன் மொழியில் கூப்பிட்டார் சற்குணம். திருப்பிக் கேட்கப் போகிறார், வேறென்ன என்று ரஜனி பல்லைக் கடித்தாள். அவர் கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்தார். படத்தை வாங்கினார். மீன் கட்டும் பொலித்தீன் பையொன்றுக்குள் இட்டார். அதை இன்னொரு பைக்குள், அதையும் மற்றொன்றுக்குள். வாயை முறுக்கி இறுக்க முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்தார். திருப்தி வராமல், அதன்மேல் இன்னுமொரு முடிச்சுப் போட்டார்.

"உள்ளுக்குத் தண்ணி வராது" என்றார், தமிழில்.