விரல்மேல் ஒரு சிவப்புடல் அழகி: கும்மிடிப்பூண்டியில் ஒரு ஞாயிறு

போன சனிக்கிழமை சாயங்காலம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு காலி மனையில், புல்தண்டு ஒன்றில் வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். நன்றாகக் கறுத்திருந்தது. கறுத்துவிட்டால் மறுநாள் காலையே பூச்சி வெளியே வந்துவிடும். மனையின் மூலையில் ஒரு ஜேசிபி நின்றது. திங்கட்கிழமை மண் நிரவப் போவதாக வாட்ச்மேன் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் போயிற்று.

நான் வேப்பம்பட்டுக்காரி. அம்பத்தூரில் கணக்கு வேலை. லீவு நாளில் வண்ணத்துப்பூச்சி. யாரும் கற்றுத்தரவில்லை, செகண்ட் ஹேண்ட் மேக்ரோ லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். பூச்சி வெளியே வந்து இறக்கை விரிக்கும் படம் மட்டும் என்னிடம் கிடையாது. அதற்குக் காத்திருக்க வேண்டுமே! என் காலில்தான் சக்கரம் கட்டியிருக்கிறதே.

ஞாயிறு விடியற்காலை 4.20 வண்டி. சென்ட்ரலில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது மணி 6.35. (வேப்பம்பட்டிலேயே கடைசிவரைக்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள், சென்ட்ரலில் வரிசையில் நிற்க வேண்டாம்.) பொன்னேரி வருவதற்குள் நான்கு முறை இடம் மாறி உட்கார்ந்தேன். எதிரே இருந்த அம்மா பையைக் காலுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

ஸ்டேஷனிலிருந்து மனைக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 120 ரூபாய். ஓட்டுநர் பெயர் சாலமன்.

"சண்டேல கம்பெனி லீவாச்சே, எங்க மேடம் போறீங்கோ?"

"பட்டாம்பூச்சி படம் எடுக்க, அண்ணா."

"அதுக்கா இம்மாந் தூரம் வந்துகினு கீறீங்கோ?" என்று சிரித்தார். ஆனால் வேடிக்கை பார்க்க அவரும் இறங்கி வந்துவிட்டார்.

மனை முழுக்க ஆடுதின்னாப்பாளை தரையோடு படர்ந்திருந்தது. சிவப்புடல் அழகி முட்டையிடுவது இந்தச் செடியில்தான். கறுப்பு இறக்கை, ரத்தச் சிவப்பு உடம்பு. என் கூட்டுப்புழு அப்படியே இருந்தது. மண்டியிட்டு லென்ஸை நெருக்கினேன். பின்னணியில் குறுக்கே ஒரு காய்ந்த தண்டு, படத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு நின்றது. எங்களைப் போன்ற கிறுக்குகளின் பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரிக்கோல் இருக்கும், பின்னணியைச் சுத்தம் செய்ய. தண்டு எதைத் தாங்கி நிற்கிறது என்று பார்க்கக்கூடப் பொறுமையில்லை. நறுக்கினேன்.

அது தாங்கி நின்றது கூட்டுப்புழு இருந்த தண்டைத்தான். இரண்டும் சேர்ந்து தரையில் சாய்ந்தன, அதுவும் எறும்புப் புற்றின் பக்கத்தில். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பது சும்மாவா? பதறிப்போய் தண்டைத் தூக்கிப் பிடித்தேன். அதே நேரம் கூடு வெடித்தது.

ஈரமான பூச்சி ஒன்று தள்ளாடி வெளியே வந்து, தண்டை விட்டு என் ஆள்காட்டி விரலில் ஏறிக்கொண்டது. இறக்கைகள் கசக்கிப் போட்ட துணிபோல இருந்தன. அவை கீழ்நோக்கித் தொங்கினால்தான் விரியும். விழுந்துவிட்டால் சுருங்கியபடியே காய்ந்து, அது கடைசிவரை பறக்காது. மீண்டும் தண்டுக்கு மாற்றப் பயமாக இருந்தது. வலது கையை அசைக்க வழியில்லை. கேமரா புல்லில் கிடந்தது.

"நான் எடுக்கட்டா மேடம்?"

"வேணாம் அண்ணா, கிட்ட வந்தா நிழல் விழும். பயந்துடும்."

"சரி, நீங்க கைய ஆட்டாதீங்கோ. எனக்கு சர்ச்சுக்கு சவாரி கீது, உட்டுட்டு வந்துடறேன்." இறக்கை விரியத் தொடங்கும் முன்பே அவர் கிளம்பிவிட்டார்.

அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல். மூக்கு அரித்தது. கால் மரத்தது. போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல உடம்பெல்லாம் பரபரத்தது. நான் தேடிவந்த படம் என் விரலிலேயே நடந்துகொண்டிருந்தது, என்னால் எடுக்க முடியவில்லை. அழுகை வந்தது; அழுதால் கை நடுங்குமோ என்று அதையும் அடக்கினேன்.

இறக்கைகள் விரிந்தன. இடது பின்னிறக்கையின் வால் மட்டும் மடங்கியே இருந்தது, தரையில் இடிபட்டதாலோ என்னவோ. கடைசியில் பறந்தது, ஒரு பக்கம் சாய்ந்தபடி. புதர்வரை பார்த்தேன். பிறகு காணவில்லை. சாலமன் திரும்பி வந்தபோது, "போயிடுச்சு அண்ணா" என்று மட்டும் சொன்னேன். ஸ்டேஷனில் இறங்கும்போது அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர், ஜனவரி நல்லது. ஏழுக்குள் போய்விடுங்கள், எட்டுக்கு மேல் காற்று. குடிதண்ணீர் கையோடு. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். கத்தரிக்கோலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். துணி காயப்போடும் கிளிப் இரண்டு போதும், புல்லை ஒதுக்கிப் பிடிக்க. அந்த மனைக்கு வழி கேட்காதீர்கள். அது இப்போது வெறும் செம்மண்.

திங்கட்கிழமை ஆபீசில் இருப்புக்கொள்ளவில்லை. செவ்வாயும் அப்படியே. புதன் மதியம் சாலமனுக்குப் போன் போட்டேன்.

"மண்ணு தள்ட்டாங்க மேடம். ஆனா உங்காளு ஸ்டாண்டாண்ட கீற இட்லிப்பூ செடில குந்திகினு இருந்துச்சு, காலைல பார்த்தேன்."

"அதேதான்னு எப்படித் தெரியும்?" ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"லெஃப்டு சைடு வாலு மடங்கினு இருந்துச்சே மேடம்."

மடங்கிய வாலைப் பற்றி அவரிடம் நான் சொல்லவே இல்லை.