வெயிலில் வைத்த தட்டு

"...வெயில்ல வெச்சத நான் ஒண்ணும் சொல்லல பாய். ஒடஞ்சத ஏன் குப்பையில போட்டீங்கன்னுதான் கேக்கறேன்" என்றார் எங்கள் லேப் மேடம்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயம், ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி ஸ்டோரில் நான் இருந்தேன். பாய் அங்கே தோல் காயவைக்கும் மேஸ்திரி. "தோலுக்கு சூரியன்தான் டாக்டரு, ஃபீஸே கேக்க மாட்டாரு" என்பார். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சிரிப்பு வரும். மேடத்தின் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் தோலுக்கு லேக்கர் என்ற பளபளப்புப் பூச்சை ஸ்பிரே அடித்தவர். அதில் கலக்கும் தின்னர் நெடியிலேயே நின்று நின்று நெஞ்சு கெட்டு, வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெடி இல்லாத பூச்சு ஒன்று செய்து காட்டு, மோந்து பார்த்துவிட்டுப் போய்ச் சேருகிறேன் என்று மேடத்திடம் கேட்டிருந்தார்.

அதற்குத்தான் மேடம் லேபில் ஒரு தட்டில் புதுப் பூச்சை ஊற்றி வைத்திருந்தார். தின்னருக்குப் பதில் தண்ணீரில் கரைத்த பாலிமரோடு, சிலிக்கா தரும் திரவமும் சொட்டு ஆசிட்டும் சேர்த்துக் கலக்கினால், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு மெல்ல ஜெல்லாக இறுகும். சிலிக்கா கண்ணாடி மாதிரி உறுதி கொடுக்கும், பாலிமர் ரப்பர் மாதிரி வளைய விடும். காயும்போதுதான் அவசரமே ஆகாது, சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். ஊசியால் குத்திய ஃபாயிலைப் போட்டு மூடி, அந்தத் துளைகள் வழியாகவே ஈரம் போக விடவேண்டும். மேடம் வாரக்கணக்கில் பொறுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து அவர் ஓடிய அன்று, பாய் லேபுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். தட்டு இன்னும் ஈரம். மேடம் வீட்டு அண்ணன் கண்ணை மூடுவதற்குள் காயட்டும் என்று ஃபாயிலை உரித்துவிட்டு, மொட்டைமாடியில் தோல்களுக்கு நடுவே வைத்துவிட்டார். சாயங்காலம் அது அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. பார்க்க மனசு பொறுக்காமல் குப்பைக்கூடையில் கொட்டிவிட்டார்.

மறுநாள் காலை மேடம் வந்து பாயிடம் கேட்டதுதான் அந்தக் கேள்வி. இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மறுபடி கலக்கிக் காயவைக்க ஏது நாள்?

கூடையிலிருந்து ஒரு சில்லை எடுத்துப் பாயிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க. நெடி அடிக்குதா?"

பாய் மூக்கருகே வெகுநேரம் வைத்திருந்தார். "இல்ல மேடம். ஒண்ணுமே இல்ல."

மேடம் தன் சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்து, கழுவி, முந்தானையால் ஈரம் போகத் துடைத்தார். குனிந்து சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் போட்டு மூடினார். பிறகு வேலூர் பஸ்ஸுக்கு ரோட்டைப் பார்த்து நடந்தார்.