திறப்பு விழாப் படம்

"ஞாயிறு, காலை 10.20, நல்ல வெயில். கணினி அறை திறப்பு." ஹட்டனுக்கு அருகே எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அன்று நான் எழுதிய குறிப்பு இது. வெளிநாட்டில் கணினி நிறுவனங்களில் முதலிட்டுச் செல்வரான ஒரு தமிழர் அந்த அறையைக் கட்டிக்கொடுத்திருந்தார். நரைத்த குறுந்தாடி, முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ். சிறு பிள்ளைகளுக்குக்கூடக் குனிந்து கும்பிட்டார்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் பட்டுச்சேலை கட்டிப் பூ வைத்து வந்திருந்தார்கள். படம் எடுக்கும்போது அவர் கனிவாகச் சொன்னார்: "அம்மா, எல்லாரும் போய் வேலை உடுப்புல, கூடையோட வாங்களேன். அதுதான் இயல்பா இருக்கும்."

அங்கே கற்பிக்கப்போகும் ஆசிரியையின் தாய் முன்வரிசையில் நின்றார். மகளின் கையை விடாமலே பதில் சொன்னார்: "இன்னைக்கு வேலை இல்லீங்க ஐயா, என் மக விசேசம். நீங்க கிழிஞ்ச கால்சட்டையோட வந்திருக்கீங்க, நாங்க ஏதும் சொன்னோமா?"

எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். படம் எடுத்தார்கள். "எனக்கு ஒண்ணு அனுப்பிடுங்க" என்றார் தாய்.

படத்துக்குப் பதிலாக வந்தது அந்தச் செல்வருடைய வாழ்க்கையையும் கொடைகளையும் சொல்லும் புத்தகம். விழாப் பக்கத்தில் தாயும் இல்லை, மகளும் இல்லை. கூடை சுமந்த வேறொரு பெண் சிரிக்கிறார். கீழே எங்கள் தோட்டத்தின் பெயர். உடுப்பு மாற்ற மறுத்ததற்காக ஆளையே மாற்றிவிட்டார்கள். ஆனாலும் அவர் அன்று பிள்ளைகளைக் கும்பிட்டதைப் பொய் என்று எழுத மனம் வரவில்லை.

தோட்டத்தின் மூன்று டிவிசனிலும் படத்தைக் காட்டி விசாரித்தேன். யாருக்கும் அந்தப் பெண்ணைத் தெரியவில்லை. அப்படி ஒருவர் எங்காவது இருக்கிறாரா, கணினி உருவாக்கிய முகமா என்பதை இதுவரை உறுதிசெய்ய இயலவில்லை.