பந்தலுக்குக் கீழே ஒரு சுழல் நாற்காலி

சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் "எப்ப வந்தீக?" என்று கேட்பதில்லை. நேராக உள்ளறைக்குப் போய், என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதன் பிறகுதான் கேட்கிறார்கள். இதுவரை முப்பத்தொரு பேர். பால்காரர் வலப்பக்கமாகச் சுற்றுவார். எதிர்வீட்டுக்காரர் இடப்பக்கமாகச் சுற்றுவதோடு நிற்காமல், கைக்குக் கிடைத்த பிடியையெல்லாம் இழுத்தும் பார்ப்பார். நாற்காலிக்கு அடியில் நான்கு பிடிகள், இரண்டு திருகுகள். ஆறையும் என் உடம்புக்குத் தக்கபடி திருத்தி வைப்பேன். மாலைக்குள் ஆறும் வேறு யாருடைய உடம்புக்கோ மாறியிருக்கும். ஹாம்பர்க் துறைமுகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சரக்குப் பெட்டிகளை எண்ணியவன் நான். ஒரு பெட்டி இடம் மாறியிருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

அந்த ஊரில் நாற்காலி என்பது செருப்பைப் போல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து மேசை அம்மையார் வெளியே போயிருந்தபோது அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தவர் சிரித்தபடியே, "இது என் அளவுக்கு வைத்தது" என்றார். நம் ஊரில் ஒருவர் தன் நாற்காலியில் உட்கார வேண்டாம் என்றால் அதற்கு வேறு பொருள். நான் சுருங்கிப்போய் அன்று முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தேன். மறுநாள் ஒருவர் அளவு நாடாவோடு வந்து முழங்காலிலிருந்து குதிகால் வரை அளந்தார். சீருடை தைக்கப் போகிறார்கள் என்று நினைத்து, "கீழே மடிப்பு வேண்டாம், இழுத்துத் தைத்தால் போதும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த வாரமே என் மேசைக்கு ஒரு நாற்காலி வந்தது. அந்த அம்மையாருக்கு மனதுக்குள் நான் கேட்ட மன்னிப்பு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது.

இப்போது ஊரில் நாற்காலி எதற்கு என்றால், அது என் மகள் கயல் போட்ட நிபந்தனை. போன ஆண்டு திராட்சை வெட்டுக்கு வந்தவன், அண்ணன் தோட்டத்துப் பந்தலுக்கு அடியில் குனிந்தபடியே இரண்டு நாள் குலை அறுத்தேன். மூன்றாம் நாள் நிமிர முடியவில்லை. மதுரை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வைத்து என்னை ஏற்றினார்கள். பிழை பந்தலுடையதல்ல. எங்கள் குடும்பத்தில் பந்தல் போடும்போது, கிளைகளை நறுக்கிக் கவாத்துச் செய்யப் போகிற பெண்ணை நிறுத்தி, முழங்கை மடங்கியபடி அவள் கை தொடும் இடத்தில் கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். இந்தப் பந்தல் என் மதினி பேச்சியம்மாளின் கைக்குக் கட்டியது. தரையிலிருந்து ஐந்தடி மூன்று அங்குலம். நான் ஐந்தடி பத்து. மிச்சம் ஏழு அங்குலத்தையும் என் முதுகுதான் மடக்க வேண்டும்.

ஹாம்பர்க்கில் இருந்த ஆண்டுகளில் ஒரு வெள்ளாமையைக்கூட நான் கவாத்தில் தொடங்கி வெட்டு வரை பார்த்ததில்லை. விடுப்பு எப்போதும் நடுவிலே தொடங்கி நடுவிலேயே முடிந்துவிடும். எங்கள் பன்னீர் திராட்சையின் அயல்நாட்டுப் பெயரில் ஹாம்பர்க் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஊரின் கடைகளிலெல்லாம் தேடியிருக்கிறேன், ஒரு குலை கண்டதில்லை. அதனால் இம்முறை முழு வெள்ளாமைக்கும் இருப்பது என்று மனைவி சரோஜாவோடு வந்துவிட்டேன். கயல் ஒப்புக்கொண்டது இப்படி: "இங்க உள்ள பிள்ளைகளுக்கு எடுக்குற சனிக்கிழமை தமிழ் வகுப்பை அங்கன இருந்தே இணையத்துல எடுங்கப்பா. ஆனா ஒழுங்கான மேசை, ஒழுங்கான நாற்காலி வேணும். நான் வீடியோவில பார்ப்பேன். முதுகு வலிக்குதுன்னு அம்மா ஒரு வார்த்தை சொன்னாகன்னா, அடுத்த வாரம் திரும்பி வர டிக்கெட்." ஹாம்பர்க்கிலேயே பிறந்தவள். தமிழ் முழுக்கத் தாயிடம் கற்றது. "ர" மட்டும் ஜெர்மானியர்களுடையதைப் போலத் தொண்டையில் உருளும்.

தேனியில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் என் வெள்ளைத் தலையைப் பார்த்துவிட்டு, "சார் எந்தக் கம்பெனிக்கு எம்.டி.?" என்றார்.

"சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தர்றேன்."

"அப்ப ஸ்கூல் ஓனரு" என்று தாமே முடிவு செய்து, கட்டில் அகலத்துக்கு ஒரு தோல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடுப்புக்குத் தாங்கல் உண்டா என்று கேட்டேன். "இதுல ஒக்காந்தீகன்னா ஒங்களுக்கு இடுப்பு இருக்கதே தெரியாது சார்" என்றார். போன ஆண்டு எனக்கு நடந்ததும் அதுதான். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, கால் தரையில் படிகிறதா, முழங்கை செங்கோணத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

"ஏங்க, இது பன்னெண்டாவது. பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி ஒண்ணொண்ணா கொற சொல்லிக்கிட்டிருக்கீக" என்றாள் சரோஜா. சொல்லிவிட்டு, கால் வலிக்கிறதென்று பதின்மூன்றாவதில் அவளே உட்கார்ந்தாள். அது சுழன்றது. அவள் "ஆத்தா!" என்று என் கையைப் பிடிக்க, நான் என்னுடையதோடு சேர்ந்து சுழல, கடை நடுவில் இரண்டு கிழங்கள் நிறுத்த முடியாமல் சிரித்தோம். வலைமுதுகும் தலைதாங்கியும் கொண்ட அந்தப் பதின்மூன்றாவதையே வாங்கினோம்.

மேசைக்குக் கம்பம் ஊரில் பலகை அறுத்து வாங்கினேன். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்பதால், திராட்சை ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் மடிக்கணினியை வைத்தேன். விசைப்பலகை தனி. கயலுக்கு அளவுகளை எழுதி அனுப்ப வேண்டும். நாடாவைச் சரோஜா பிடிக்க, உட்கார்ந்தபடி முழங்கால், முழங்கை, கண் என்று வரிசையாக அளந்தோம். கடைசியாக, சும்மா ஒரு முழுமைக்காக, முழங்கையை மடக்கிக் கையைத் தலைக்கு மேலே தூக்கி, "இதையும் அளந்துரு" என்றேன். சரோஜா தரையிலிருந்து நாடாவைப் பிடித்துப் பார்த்தாள். "அஞ்சடி மூணு."

மதினியின் பந்தல் கம்பியும் அதே உயரம். நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகு எதிர்த்திசையில் ஒன்று. பிறகு அண்ணனைக் கூப்பிட்டேன்.

அண்ணன் பால்பாண்டி டிராக்டரோடு வந்து நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏலே, ஒனக்கு முதுகுலதான கோளாறு? தலைக்கும் ஏறிருச்சா?" ஆனாலும் ஏற்றினார். டிரெய்லரில் நாற்காலி தானே சுழன்றுகொண்டு போனது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது என் பக்கம் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. தோட்டத்தில் மதினி கவாத்துக் கத்திரியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார்.

"வாங்க கொழுந்தனாரே. போன வருசம் பந்தல் கட்டையா இருக்குன்னு பழி போட்டீக. இந்த வருசம் சிம்மாசனத்தோட வந்துட்டீகளாக்கும்."

"பந்தல் சரியாத்தான் இருக்கு மதினி. நாந்தான் நின்னது தப்பு."

சக்கரங்கள் மண்ணில் புதைந்தன. மேசை அறுத்ததில் மீந்த பலகையை வரிசைக்குள் போட்டு, அதன்மேல் நாற்காலியை ஏற்றினோம். உட்கார்ந்தேன். முதுகைச் சாய்த்துத் தலையைத் தாங்கியில் வைத்தேன். கண்ணுக்கு நேரே கொடி, கைக்கு நேரே கம்பி. எதுவும் மடங்க வேண்டியதில்லை. முதல் கிளையை நறுக்கினேன். இரண்டாவது. கொடி முழுக்கவும் முடித்தேன். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. மதினி பலகையின்மேலேயே என்னை அடுத்த கொடிக்குத் தள்ளும்போது, "கப்பல் நகருதுடோய்" என்று கத்தினார். கவாத்துக்கு வந்திருந்த பெண்களிடம் வரிசை முழுக்கச் சிரிப்பு.

அப்போதுதான் எங்களோடு தோட்டத்துக்கு வந்திருந்த சரோஜாவின் கைப்பேசியில் வீடியோ அழைப்பு வந்தது. கயல். சோதனைக்கு அவள் சொன்ன நேரம் மாலை. சீக்கிரமே அழைத்துவிட்டாள். சரோஜா திகைத்துப்போய்க் கைப்பேசியை அப்படியே என் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, எங்கன இருக்கீக? மேசை எங்க?"

"மேசை வீட்ல இருக்கு."

"தலைக்கு மேல என்ன அது?" கேட்டுவிட்டு அவளே புரிந்துகொண்டாள். முகம் இறுகியது. "போன வருசம் நடந்தது மறந்துருச்சாப்பா?"

கையைத் தூக்கிக் கம்பியைத் தொட்டுக் காட்டினேன். கால் எங்கே என்றாள். காட்டினேன். இடுப்பு ஒட்டியிருக்கிறதா என்றாள். திரும்பிக் காட்டினேன். "அம்மா, அப்பா பொய் சொல்றாகளா?"

"வந்து ஒரு தடவகூட இடுப்பப் பிடிக்கல ஆத்தா" என்றாள் சரோஜா.

கயலுக்குப் பின்னால் சன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்தினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியபோதுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. "சரி, வெட்டு முடியுற வரைக்கும் இருங்க. ஆனா நாற்காலியை விட்டு எறங்கக் கூடாது."

"எறங்க மாட்டேன்."

"அப்பா, ரெண்டு சக்கரம் மண்ணுல நிக்குது. பலகைல ஏத்துங்க, ஆடும்."

குனியாமல் எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சக்கரங்கள் ஐந்து. மூன்று பலகையில், இரண்டு செம்மண்ணில்.

"ஆடட்டும்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கிளைக்குக் கையைத் தூக்கினேன்.