செல்லோவுக்கு ஜன்னலோர சீட்டு

மூன்று வருடங்களுக்கு முன், சென்னையில் ஓர் இசைக்குழுவின் தேர்வுக்குக் கிளம்பிய என்னைச் மலைமேலே சோளக்காடு ஸ்டாப்பிலேயே பஸ்ஸைவிட்டு இறக்கிவிட்டார் ஒரு கண்டக்டர். காரணம், பெரிய பெட்டியில் இருந்த என் செல்லோ, வயலினுக்கு அண்ணன் மாதிரி ஒரு வாத்தியம்.

"ஆள் உசரம் இருக்குது. ஆளுக்கே எடமில்லீங்க, எறங்குங்க."

தேர்வு போயே போயிற்று.

இன்று என் முதல் கச்சேரிக்குப் போகிறேன். பஸ் கிளம்பும் செம்மேட்டிலேயே ஏறி, செல்லோவுக்கும் டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார வைத்தேன்.

சோளக்காட்டில் அதே மனிதர் ஏறினார். ரிட்டையர் ஆகிவிட்டார் போல. வேட்டி, கையில் பலாப்பழம்.

"கண்ணு, அந்தப் பெட்டியக் கீழ வெச்சா நான் உக்காந்துக்குவேன்."

"இல்லீங்க. அது ஆள் உசரம் இருக்குது. டிக்கெட்டும் எடுத்திருக்குதுங்க."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பலாப்பழத்தோடு நின்றுகொண்டே வருகிறார்.

நான் செய்தது தப்பென்றால் சீக்கிரம் சொல்லுங்கள். மலையிறங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவில் இன்னும் நாற்பதுதான் பாக்கி.