தாடிக்குள் ஓர் ஆபரேஷன்

கோட்டைப்பட்டினத்தில் சம்சுன் நிஹாருக்கு மீன் விற்பது எந்த வியாபாரிக்கும் லேசில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பாள். "சத்தியமா இப்பத்தான் கரைக்கு வந்துச்சு லாத்தா" என்று மீன்காரி செபமாலை ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "நல்ல மீனுக்கு எதுக்குடி சத்தியம்?" என்று கூடையிலேயே போட்டுவிட்டு எழுந்து போனாள் சம்சு. அவ்வளவு சந்தேகக்காரி.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன், பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த முகம்மது கனி. 1948-ல் நிக்காஹ். தாய் தகப்பன் இல்லாத அசலூர் மாப்பிள்ளை. அப்போதே அவருக்கு நெஞ்சுவரை தாடி. இந்த வயசிலேயே என்ன பக்தி என்று ஊர் மெச்சியது. இந்த வயசில் இத்தனை தாடி எதற்கு என்று சம்சு மட்டும் யோசித்தாள். பிறகு மறந்தும் போனாள். கப்பலேறிப் போனவர் சில வருஷங்களுக்கு ஒருமுறை வருவார், கொஞ்ச நாள் இருப்பார், போய்விடுவார். அவர் பெட்டியைத் திறந்ததும் அவள் சாமானைப் பார்க்கமாட்டாள். சட்டைகளை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். அக்கரையில் இன்னொரு குடும்பம் வைத்திருந்த ஆண்கள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். அவளை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? சட்டையில் மிளகாய், மல்லி வாசனைதான் அடித்தது. அதையும் அவள் நம்பவில்லை.

ஒரே மகள் நசீரா. நல்ல கண், நல்ல முடி, நல்ல குணம். ஆனால் கீழுதட்டுக்குக் கீழே தாவாங்கட்டை என்று எடுப்பாக ஒன்று இல்லை. முகம் அப்படியே சரிந்து கழுத்தில் இறங்கிவிட்டது. பெண் பார்க்க வருகிற பெண்கள் வழக்கம்போலப் பிள்ளையின் தாவாங்கட்டையைப் பிடித்துக் கொஞ்சி, விரலை முத்தமிடப் போவார்கள். பிடிக்க ஒன்றும் அகப்படாது. கை கொஞ்சம் தயங்கிக் கன்னத்துக்குப் போகும். பிறகு பலகாரத்தைத் தின்றுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். ஒருத்தர்கூடச் சொல்லி அனுப்பவில்லை. நசீரா வீட்டுக்குள்ளேயே முக்காட்டை வாய்வரை இழுத்துச் செருகிக்கொண்டு நடமாடத் தொடங்கினாள். பெற்றவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இப்படி இல்ல, எங்கேருந்துதான் வந்துச்சோ!" என்று சம்சு புலம்பாத நாளில்லை. 1964-ல் கனி ஊருக்கு வந்திருந்தபோது ஆத்திரத்தில் வார்த்தையை விட்டாள்.

"சோப்பு, சீலை, டார்ச் லைட்டுன்னு கப்பல் கப்பலாக் கொண்டு வாரீங்க. பெத்த புள்ளைக்கு ஒரு தாவாங்கட்டை கொண்டு வர வக்கில்ல."

கனி தாடியை உருவிக்கொண்டே எழுந்து வெளியே போனார்.

மறுபடி அவர் வந்தது 1967-ல். வந்த அன்றைக்கே, சாப்பிட்ட கை காய்வதற்குள் சொன்னார்: "நான் மெட்ராஸ் போகணும் சம்சு. தாவாங்கட்டைக்கு ஒரு ஆபரேஷன். இடுப்பெலும்புல ஒரு துண்டு எடுத்து வச்சுத் தைப்பாங்களாம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"நோவா?"

"நோவெல்லாம் இல்ல. எடுப்பா இருக்கத்தான். பினாங்குல பல்லு கட்டுற சீனன், வாய்க்குள்ள தகடு வச்சா முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்கும்னான். அது கழட்டி மாட்டுற வேலை. எனக்கு நெலையா வேணும்."

சம்சுவின் மண்டைக்குள் சுர்ரென்றது. நாற்பதைத் தாண்டிய ஆளுக்கு எடுப்பு எதற்கு? அதுவும் நிலையாக?

"தாடிக்குள்ள கெடக்குறதை எடுப்பாக்கி எவளுக்குங்க காட்டப் போறீங்க?"

கனி எழுந்து திண்ணைக்குப் போனார். அப்படி எழுந்து போனதை அவள் குற்றமாகவே எடுத்துக்கொண்டாள். சட்டைகளை மறுபடி முகர்ந்து பார்த்தாள். அதே மிளகாய், அதே மல்லி. கள்ளத்தனம் செய்கிறவன் சட்டையைத் துவைத்துத்தானே கொண்டு வருவான்! நசீராவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, "நானும் வாரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டாள். அறந்தாங்கியில் ரயிலேறியதிலிருந்து புருஷன் முகத்தைவிட்டு அவள் கண் நகரவில்லை.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி கனியைப் பார்த்துச் சிரித்தாள். முன்பே பழக்கமோ என்று சம்சுவுக்கு உடனே மூக்கில் வியர்த்தது. தாடியை எடுக்க நாவிதர் வந்தார்.

"நீ வெளிய இரு சம்சு" என்றார் கனி.

"ஏன், நான் பாக்கக் கூடாததா?"

வாசற்படியிலேயே நின்றாள். கத்தரிபட்டு நரைத்த தாடி கொத்துக் கொத்தாக விழுந்தது. சோப்பு நுரையைத் துடைத்ததும் முகம் தெரிந்தது. உதட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. முகம் அப்படியே சரிந்து கழுத்தில் இறங்கியிருந்தது. நாற்காலியில் நசீரா உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

"யா அல்லா! ஒங்ககிட்டேருந்தா?" சம்சு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

கனி தலையைத் தூக்கவில்லை. "சின்னதுல என்னையக் கோழிக்கழுத்தான்னுதான் கூப்புடுவாங்க. முடி மொளைச்சதும் தாடியை விட்டுட்டேன். எங்கேருந்து வந்துச்சுன்னு நீ கேக்கும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும். சொல்ல முடியல."

"சரி, இப்ப எதுக்கு இந்த ஆபரேஷன்?"

"புள்ளைக்குத்தான் செய்யணும். எடுத்த எடுப்புல அவ மூஞ்சியில கத்தி வைக்க விட்டுருவேனா? மொதல்ல எனக்கு வச்சுப் பாக்கட்டும். கோணிப் போச்சுன்னா தாடிக்குள்ள கெடக்கட்டும். நீதானே ஒண்ணு கொண்டு வரச் சொன்னே?"

சம்சுவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருஷம் சட்டையை முகர்ந்தவள், அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்கவே இல்லையே! அவமானத்தில் அழுதாள். அழுது முடித்ததும் அவளுடைய பழைய சந்தேகம் டாக்டர் பக்கம் திரும்பியது.

"இதுக்கு முன்னாடி நீங்க வச்ச தாவாங்கட்டை ஒண்ணைக் காட்டுங்க" என்றாள், டாக்டர் வந்ததும்.

அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து படம் காட்டினார்.

"இது வெள்ளைக்காரன் வச்சது. நான் கேட்டது நீங்க வச்சதை."

"இவருக்குத்தாம்மா முதல்ல செய்யப் போறேன். பயப்படாதீங்க, பிரமாதமா வரும். கடவுள் சத்தியமா."

சம்சு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "கெளம்புங்க" என்றாள் புருஷனிடம்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் கனி துண்டால் வாயை மூடிக்கொண்டே வந்தார். தங்கை வீட்டுக் கதவைத் திறந்த நசீரா, யாரோ ஆம்பளை என்று பின்னால் ஒதுங்கினாள்.

"நான்தாம்மா" என்று துண்டை எடுத்தார்.

அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கை தானாகத் தன் முகத்துக்குப் போனது.

"அத்தா, ஒங்களுக்குமா? எனக்கு மட்டுந்தான்னு நெனச்சிருந்தேனே அத்தா!"

விம்மி விம்மி அழுதாள். செருகியிருந்த முக்காடு அவிழ்ந்து தோளில் விழுந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை.

"அழுவாதம்மா. கொஞ்ச நாள்ல தாடி வந்து மூடிரும்" என்றார் கனி.

"வேணாம் அத்தா. வைக்காதீங்க."

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். கனி முகத்தைக் கழுவிக்கொண்டு, துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கிப் பள்ளிவாசலுக்கு நடந்தார். எவன் சிரிக்கிறான் என்று பார்க்க, சம்சு கதவோரம் வந்து நின்றுகொண்டாள்.