பதினான்காவது பேர்

"இந்தக் கல்லுக்கு என்ன பேரு மாமா?"

"அதுக்குப் பேரொண்ணும் கெடையாது மக்ளே."

"பதிமூணு கல்லுக்கு மூச்சு விடாம சொன்னியளே?"

"பேரு வச்சிக்கிட்டே இருந்தா சிப்பி எடுக்காண்டாமா?" என்று சிரித்தபடி வள்ளத்தைத் திருப்பினார் ஜஸ்டஸ்.

கடலுக்குள் தனித்துக் கிடக்கும் அந்தப் பாறைத்தீவைச் சுற்றி நாற்பது வருஷமாக முங்கிச் சிப்பி எடுப்பவர் அவர். ஆழத்தில் இறங்கி இறங்கி ஒரு காது போய்விட்டது. ரேஷ்மி வரைபடத்துக்காக அங்குள்ள பாறைகளின் பேர்களை எழுத வந்தவள். விடுபட்ட பேரைக் கரையில் மீன் விற்ற டெல்சி சொன்னாள்: "ஏட்டி, அதாக்கும் ஜஸ்டஸ் ஓடுன கல்லு!" வாலிபத்தில் அங்கே அலையில் சிக்கிய கூட்டாளி சூசையை விட்டுவிட்டு அவர் மட்டும் நீந்தித் தப்பினாராம்.

ஊர் வழங்கும் பேரை எழுதுவதுதான் முறை என்று ரேஷ்மியும் எழுதினாள்.

வரைபடம் இப்போது பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிறது. பேத்தியைக் கொண்டுவிட ஜஸ்டஸ் முன்போல் அங்கே வருவதில்லை. அவரைப் போய்ப் பார்க்க ரேஷ்மிக்கு முகமில்லை. பட்டியலை அனுப்பும் முன்பே அவர் வந்து அந்தப் பேரை மாற்றக் கேட்டிருந்தார். "பாக்கலாம் மாமா" என்று சொல்லி அனுப்பியது அவள்தான்.

"நான் ஓடுனது நெசந்தான் மக்ளே," என்றார் அன்று. "ஆனா அங்க கெடக்கது சூசையில்லியா? அவன் பேரப் போட்டுத் தா."